தந்தையை வீழ்த்திய தனயன்

1079-ம் ஆண்டு. ஜனவரி மாதம். கடுங்குளிர்.

பிரான்சு நாட்டின் வட பகுதியில் ஜெர்பராய் என்று ஒரு கோட்டை. அதை ஒரு பெரும் படை வளைத்துக்கொண்டு நின்றது. கோட்டைக்குள் இருந்தவர்கள் அடங்கிக் கிடக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு, குதிரை மீது வெளியே பாய்ந்தார்கள்.

சண்டை மூண்டது. கோட்டைப் படைக்குத் தலைவன் ராபர்ட் என்ற வாலிபன். குள்ளமான உருவம். பருத்த உடல். ஆனால் குதிரை மீது ஏறிவிட்டால் அவனுக்கு இணையானவர்கள் மிகச் சிலரே.

எதிரே வந்த ஒரு வீரனை ராபர்ட் தாக்கினான். அந்த வீரனுக்குக் கையில் காயம். குதிரையிலிருந்து கீழே சாய்ந்தான். தலையில் இரும்புக் கவசம் இருந்ததால் ஆள் யார் என்று தெரியவில்லை.

விழுந்தவன் உதவி கேட்டுக் கத்தினான். அந்தக் குரலைக் கேட்டதும் ராபர்ட் திடுக்கிட்டான். அது அவன் பிறந்தது முதல் கேட்டுப் பழகிய குரல். அவனுடைய தந்தையின் குரல்!

அந்தத் தந்தை சாதாரண மனிதன் அல்ல. இங்கிலாந்து நாட்டையே வென்று முடிசூடிய வில்லியம் மன்னன்தான் அவன்.

ராபர்ட் குதிரையிலிருந்து குதித்தான். தன் குதிரையைத் தந்தைக்குக் கொடுத்தான். போகும்படி வழி விட்டான். அந்தக் காலத்துச் சரித்திரக் குறிப்பு ஒன்று இப்படிக் கூறுகிறது. மன்னனுக்கு வேறொரு குதிரை கொண்டு வந்தவன் அங்கேயே கொல்லப்பட்டான் என்று இன்னொரு குறிப்பு கூறுகிறது. எப்படியானாலும், பெற்ற மகன் கையால் அடிபட்டு மன்னன் தோற்றுத் திரும்பினான் என்பதில் சந்தேகம் இல்லை.

தந்தையும் மகனும் போர்க்களத்தில் எதிர் எதிரே நிற்கும் நிலை ஏன் வந்தது? தந்தையை வீழ்த்திய மகனின் கதி பின்னால் என்ன ஆயிற்று?

வடக்கத்தியர் நாடு

பிரான்சின் வடக்கே, கடற்கரை ஓரமாக உள்ள நாடு நார்மண்டி. வடக்கே இருந்து கப்பல்களில் வந்து கொள்ளை அடித்த முரட்டுக் கூட்டத்தாருக்கு, பிரெஞ்சு மன்னன் 911-ம் ஆண்டில் கொடுத்த நிலம் அது. வடக்கத்தியர் என்ற பொருளில் அவர்களை நார்மன் என்று அழைத்தார்கள். நார்மண்டியை ஆள்பவனுக்கு டியூக் என்று பட்டம். சிற்றரசன் என்று வைத்துக்கொள்ளலாம். பெயருக்குப் பிரெஞ்சு மன்னனுக்கு அடங்கியவன். ஆனால் நடப்பில் தனி ராஜாதான்.

அந்த நார்மண்டியின் டியூக்காக இருந்தவன் வில்லியம். அவன் மனைவி மெட்டில்டா. அவர்களுடைய மூத்த மகன் ராபர்ட். 1051-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவன். அவனுக்குப் பின் ரிச்சர்டு, வில்லியம், ஹென்றி என்று மூன்று தம்பிகள். இவர்களில் ரிச்சர்டு வாலிபத்திலேயே வேட்டைக்குப் போன இடத்தில் இறந்து போனான். தந்தையின் பெயரைக் கொண்ட மூன்றாவது மகனை, சிவந்த முகம் உடையவன் என்பதால் ரூபஸ் என்று அழைத்தார்கள்.

ராபர்ட்டின் கால்கள் குட்டை. அதனால் குட்டைக் காலுறைக்காரன் என்று தந்தையே அவனைக் கேலி செய்வது வழக்கம். மகன் மனம் புண்படுமே என்று மன்னன் நினைக்கவில்லை. விளையாட்டாக வைத்த அந்தப் பெயர் சரித்திரத்திலும் நிலைத்துவிட்டது.

1066-ம் ஆண்டில் வில்லியம் இங்கிலாந்து மீது படை எடுத்தான். கடல் தாண்டிப் போகிறோம், திரும்பி வருவோமோ மாட்டோமோ என்ற எண்ணம். அதனால் புறப்படும் முன், தனக்குப் பின் நார்மண்டி ராபர்ட்டுக்கே என்று அறிவித்தான். பிரபுக்களும் அதற்குச் சத்தியம் செய்தார்கள். அப்போது ராபர்ட்டுக்குப் பதினைந்து வயது இருக்கும்.

வில்லியம் வென்றான். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இங்கிலாந்து மன்னனாக முடிசூட்டிக் கொண்டான். நார்மண்டியைத் தன்னிடம் ஒப்படைப்பார் என்று மகன் காத்திருந்தான். ஆண்டுகள் ஓடின. பட்டம் மட்டும் மகனிடம். அதிகாரமும் கஜானாவும் தந்தையிடம்!

அந்தக் காலத்தில் இளவரசனைச் சுற்றி எப்போதும் ஒரு வீரர் கூட்டம் இருக்கும். அவர்களுக்குச் சோறு, குதிரை, ஆயுதம் எல்லாம் அவன்தான் கொடுக்க வேண்டும். ராபர்ட்டின் கையில் காசு இல்லை. இருபத்தைந்து வயதைத் தாண்டிய மகன், ஒவ்வொரு செலவுக்கும் தந்தையின் கையை எதிர்பார்த்தான். வாய் விட்டுக் கேட்டும் பார்த்தான். தந்தை மறுத்துவிட்டான். சிநேகிதர்கள் தூபம் போட்டார்கள். மனம் கசந்தது.

அழுக்குத் தண்ணீர்

வெடிமருந்து தயார். பொறி விழ வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பொறியைத் தம்பிகள் வைத்தார்கள்.

லேகிள் என்ற ஊரில் மன்னன் தங்கியிருந்த சமயம். ராபர்ட் ஒரு வீட்டில் இறங்கியிருந்தான். தம்பிகள் ரூபசும் ஹென்றியும் அங்கே வந்தார்கள். மாடியில் சூதாடினார்கள். சத்தம் போட்டார்கள். பிறகு, கீழே நின்ற அண்ணன் தலையில் அழுக்குத் தண்ணீரைக் கொட்டினார்கள்.

ராபர்ட் வாளை உருவிக்கொண்டு மாடி ஏறினான். கூச்சல் கேட்டு மன்னன் ஓடி வந்து விலக்கினான். சண்டை அத்துடன் நின்றது. ஆனால் இளையவர்களை மன்னன் தண்டிக்கவில்லை.

தண்ணீர் காய்ந்துவிட்டது, அவமானம் காயவில்லை. மறுநாள் இரவே ராபர்ட் தன் ஆட்களோடு புறப்பட்டான். தலைநகரான ரூவான் கோட்டையைப் பிடிக்கப் பார்த்தான். கோட்டைக் காவலன் விழித்துக்கொண்டதால் முயற்சி தோற்றது. ராபர்ட் நாட்டை விட்டு ஓடினான்.

தாய் மாமன் ஆண்ட பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போனான். ஊர் ஊராகச் சுற்றினான். வில்லியத்தின் வளர்ச்சியைக் கண்டு புழுங்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு மன்னன் பிலிப், இதுதான் சமயம் என்று ராபர்ட்டுக்கு ஜெர்பராய் கோட்டையைக் கொடுத்தான். அங்கேதான் தந்தையும் மகனும் மோதினார்கள்.

தாயின் தவிப்பு

இந்தச் சண்டையில் மிகவும் வேதனைப்பட்டவள் மெட்டில்டா ராணி. ஒரு பக்கம் கணவன். மறு பக்கம் மகன்.

நாடோடியாகத் திரிந்த மகனுக்கு அவள் ரகசியமாகப் பொன்னும் வெள்ளியும் அனுப்பினாள். அது மன்னனுக்குத் தெரிந்துவிட்டது. தன் பணத்தைக் கொண்டே தன் எதிரியை மனைவி வளர்க்கிறாள் என்று கொதித்தான். ஆனாலும் அவள் மகனைக் கைவிடச் சம்மதிக்கவில்லை.

மன்னனின் கோபம் தூது போனவன் மீது திரும்பியது. அவன் பெயர் சாம்சன். அவன் கண்களைப் பிடுங்கும்படி மன்னன் கட்டளை இட்டான். ராணியின் ஆட்கள் முன்கூட்டியே எச்சரித்ததால் சாம்சன் தப்பினான். ஒரு மடத்துக்குள் ஓடிப் புகுந்து துறவியாகிவிட்டான்.

பிரபுக்களும் பாதிரிமார்களும் நடுவில் நின்று சமாதானம் பேசினார்கள். 1080-ம் ஆண்டில் தந்தையும் மகனும் ஒன்று சேர்ந்தார்கள். அதே ஆண்டில் ஸ்காட்லாந்து மீது படையோடு போகும்படி மன்னன் ராபர்ட்டை அனுப்பினான். திரும்பும் வழியில், டைன் ஆற்றின் கரையில் ராபர்ட் ஒரு புதிய கோட்டை கட்டினான். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இங்கிலாந்தில் இன்றும் பெரிய நகரமாக விளங்கும் நியூகாசில். புதுக் கோட்டை என்றுதான் அந்தப் பெயருக்குப் பொருள்.

1083-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி மெட்டில்டா இறந்தாள். தந்தையையும் மகனையும் பிணைத்திருந்த கயிறு அறுந்தது. ராபர்ட் மறுபடியும் நாட்டை விட்டுப் போனான்.

1087-ம் ஆண்டு, பிரெஞ்சு மன்னனோடு நடந்த போரில் வில்லியம் காயம் அடைந்தான். ரூவானில் மரணப் படுக்கையில் கிடந்தான். மூத்த மகன் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் 1066-ல் கொடுத்த வாக்கை மன்னன் மீறவில்லை. நார்மண்டியை ராபர்ட்டுக்கு விட்டான். ஆனால் இங்கிலாந்தைக் கொடுக்கவில்லை. அது ரூபசுக்குப் போயிற்று. கடைசி மகன் ஹென்றிக்கு நிலமே இல்லை. 5,000 பவுன் வெள்ளிதான். செப்டம்பர் 9-ந் தேதி மன்னன் கண்ணை மூடினான்.

கேட்டது கிடைத்தது

எந்த நாட்டுக்காகத் தந்தையை எதிர்த்தானோ, அந்த நாடு ராபர்ட்டின் கைக்கு வந்தது. அதை அவன் எப்படி ஆண்டான்?

அவனிடம் துணிவு உண்டு. இனிய பேச்சு உண்டு. இரக்கம் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று. இல்லை என்று சொல்ல அவனுக்குத் தெரியாது!

கேட்டவனுக்கு எல்லாம் கொடுத்தான். குற்றவாளி அழுதால் மன்னித்தான். வில்லியம் காலத்தில் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்த பிரபுக்கள், புது டியூக்கின் காவலர்களைக் கோட்டைகளிலிருந்து விரட்டினார்கள். தங்களுக்குள் சண்டை போட்டார்கள். கிராமங்கள் எரிந்தன. மகுடம் சூடியவனின் இரக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் குடியானவர்கள்.

சீக்கிரமே கஜானா காலியாயிற்று. நாட்டின் மேற்குப் பகுதியை 3,000 பவுன் வெள்ளிக்குத் தம்பி ஹென்றிக்கே விற்றான். கூட இருந்த விகடகவிகளும் வீணர்களும் உடைகளைக்கூடத் திருடிப் போனதால், சில நாட்களில் கோவிலுக்குப் போக முடியாமல் அவன் படுக்கையிலேயே கிடந்தான் என்று அக்காலத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

1088-ம் ஆண்டில் இங்கிலாந்தில் இருந்த நார்மன் பிரபுக்கள் பலர், ரூபசுக்கு எதிராகக் கிளம்பினார்கள். ராபர்ட்டை மன்னனாக்கப் பார்த்தார்கள். அவன் மட்டும் போய்ச் சேரவே இல்லை. நம்பியவர்கள் தோற்றார்கள்.

குடிதண்ணீர்

1091-ம் ஆண்டில் காட்சி மாறியது. ராபர்ட்டும் ரூபசும் சேர்ந்துகொண்டு, கடைசித் தம்பி ஹென்றியை வளைத்தார்கள். கடல் சூழ்ந்த பாறை மீதுள்ள மான் செயின்ட் மிச்சேல் மடத்தில் ஹென்றி சிக்கிக்கொண்டான். சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் இல்லை. தாகத்தால் வீரர்கள் தவித்தார்கள்.

தண்ணீர் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும்படி ஹென்றி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினான். ராபர்ட் அனுமதித்தான். ரூபசுக்கு ஆத்திரம். எதிரிக்குத் தண்ணீர் கொடுத்தால் எப்படி ஜெயிப்பது என்று கேட்டான். தண்ணீர் இன்று இல்லாவிட்டால் நாளை கிடைக்கும், தம்பி போனால் வேறு தம்பி கிடைப்பானா என்பது ராபர்ட்டின் எண்ணம்.

லேகிளில் தன் தலை மீது அழுக்குத் தண்ணீரைக் கொட்டிய அதே தம்பிக்கு, அவன் குடிதண்ணீர் கொடுத்தான்!

நாட்டை அடகு வைத்தான்

1095-ம் ஆண்டு போப்பாண்டவர் இரண்டாம் அர்பன், ஜெருசலேம் நகரைக் கைப்பற்றப் புறப்படும்படி ஐரோப்பாவின் கிறிஸ்தவர்களை அழைத்தார். அதுவே முதல் சிலுவைப் போர். ராபர்ட்டும் புறப்பட்டான். வழிச் செலவுக்குப் பணம்? நார்மண்டியையே ரூபசிடம் அடகு வைத்தான்! 10,000 மார்க் வெள்ளி கிடைத்தது. ரூபஸ் அந்தப் பணத்தை இங்கிலாந்து மக்களிடம் வரியாகக் கறந்தான்.

1096-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ராபர்ட் கிளம்பினான். வீட்டு நிர்வாகத்தில் தோற்றவன் போர்க்களத்தில் பிரகாசித்தான். 1097 ஜூலை 1-ந் தேதி டோரிலியம் என்ற இடத்தில் துருக்கியர் படை சூழ்ந்துகொண்டது. கலைந்து ஓடத் தொடங்கியவர்களைத் தடுத்து நிறுத்திய தலைவர்களில் அவனும் ஒருவன்.

1099 ஜூலை 15-ந் தேதி ஜெருசலேம் வீழ்ந்தது. நகரில் இருந்த முஸ்லிம்களும் யூதர்களும் ஏராளமாகக் கொன்று குவிக்கப்பட்டார்கள். சரித்திரத்தில் அது அழியாத ரத்தக் கறை. அந்தப் படையில் ராபர்ட்டும் இருந்தான்.

அடுத்த மாதம் அஸ்கலான் என்ற இடத்தில் எகிப்தியப் படையோடு போர். வெள்ளித் தண்டின் உச்சியில் தங்க உருண்டை பதித்த எதிரியின் கொடியை ராபர்ட் கண்டான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து, கொடி பிடித்தவனை வீழ்த்தினான். பின்பு அந்தக் கொடியை 20 மார்க் வெள்ளிக்கு வாங்கி, ஜெருசலேம் தேவாலயத்துக்குக் காணிக்கை ஆக்கினான்.

திரும்பும் வழியில் தெற்கு இத்தாலியில் சிபில்லா என்ற பிரபு குலப் பெண்ணை மணந்தான். அடகை மீட்கும் அளவுக்குச் சீதனம் கிடைத்தது. வீரன் என்ற புகழ், அழகிய மனைவி, கை நிறையப் பணம். வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாம் கூடி வந்தது.

அம்பு பாய்ந்தது

அவன் வந்து சேர்வதற்குள் விதி முந்திக்கொண்டது. 1100 ஆகஸ்டு 2-ந் தேதி ரூபஸ் காட்டில் வேட்டையாடிக் கொண்டிருந்தான். அவன் மீது அம்பு ஒன்று பாய்ந்தது. அங்கேயே இறந்தான். ஹென்றியும் அந்த வேட்டைக்குப் போயிருந்தான். அண்ணன் உடல் கிடக்க, அவன் குதிரையைத் தட்டிவிட்டு வின்செஸ்டர் நகரத்துக்குப் பறந்தான். கஜானாவைக் கைப்பற்றினான். மூன்றாம் நாள் மகுடம் அவன் தலையில்!

மூத்தவன் ராபர்ட் நாடு திரும்பியபோது எல்லாம் முடிந்துவிட்டது. 1101-ம் ஆண்டு அவன் படையோடு இங்கிலாந்தில் இறங்கினான். வின்செஸ்டர் நகரைத் தாக்கினால் பொக்கிஷம் கையில் விழும். ஆனால் ஹென்றியின் ராணி அங்கே பிரசவத்துக்காக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு அந்த நகரத்தை விட்டு விலகிப் போனான் என்று ஒரு பழைய கதை கூறுகிறது.

ஆல்டன் என்ற இடத்தில் சமாதானம் ஆயிற்று. ஆண்டுக்கு 3,000 மார்க் வெள்ளி தருவதாக ஹென்றி ஒப்புக்கொண்டான். ராபர்ட் மகுடத்தின் மீதிருந்த உரிமையை விட்டான். இரண்டு ஆண்டு கழித்து, ராணி கேட்டுக்கொண்டாள் என்று அந்தப் பணத்தையும் விட்டுக் கொடுத்தான்!

1102-ம் ஆண்டு அவனுக்கு ஒரு மகன் பிறந்தான். தாத்தாவின் பெயரான வில்லியம் என்பதையே வைத்தார்கள். சில மாதங்களில் சிபில்லா இறந்து போனாள்.

ஒரு மணி நேரம்

நார்மண்டியில் மறுபடியும் பிரபுக்களின் அட்டகாசம். அண்ணனுக்கு ஆளத் தெரியவில்லை, மக்களைக் காப்பாற்ற வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஹென்றி கடல் தாண்டி வந்தான். 1106 செப்டம்பர் 28-ந் தேதி டின்ஷெப்ரே என்ற ஊரில் இரு படைகளும் மோதின. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஹென்றி ஒதுக்குப்புறமாக நிறுத்தி வைத்திருந்த குதிரைப் படை பக்கவாட்டில் பாய்ந்தது. ராபர்ட்டின் பின்படைத் தலைவன் ஓடிவிட்டான். ராபர்ட் சிறைப்பட்டான்.

சரியாக 40 ஆண்டுகளுக்கு முன், இதே செப்டம்பர் 28-ல்தான் தந்தை வில்லியம் இங்கிலாந்தில் கால் வைத்தான். நார்மண்டியிலிருந்து போய் இங்கிலாந்தை வென்றான் தந்தை. இங்கிலாந்திலிருந்து வந்து நார்மண்டியை வென்றான் மகன் ஹென்றி.

தோற்ற தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தவன் ராபர்ட். தோற்ற அண்ணனுக்குத் தம்பி என்ன கொடுத்தான்? சிறை! சாகும் வரை சிறை!

இங்கிலாந்துக்குக் கொண்டு போகப்பட்ட ராபர்ட், கோட்டைக்குக் கோட்டை மாற்றப்பட்டான். கடைசியில் வேல்ஸ் நாட்டில் உள்ள கார்டிப் கோட்டை. உணவுக்கும் உடைக்கும் குறை இல்லை என்று ஹென்றி சொல்லிக்கொண்டான். ஆனால் கதவு திறக்கவே இல்லை. ஓர் ஆண்டு அல்ல, இரண்டு ஆண்டு அல்ல, 28 ஆண்டுகள்!

வெளியே உலகம் மாறிக்கொண்டிருந்தது. ராபர்ட்டின் மகன் வளர்ந்து, தந்தையின் நாட்டுக்காகப் போராடினான். பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் பிரபுவும் ஆனான். 1128-ம் ஆண்டு ஒரு முற்றுகையில் காயம்பட்டு இறந்தான். மனைவி போனாள், மகன் போனான். கிழவன் ராபர்ட் மட்டும் சிறையில் இருந்தான்.

1134 பிப்ரவரியில் அவன் உயிர் பிரிந்தது. வயது எண்பதுக்கு மேல். குளோஸ்டர் நகர மடத்தின் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஜெயித்த ஹென்றிக்கும் நிம்மதி இல்லை. அவன் நாட்டுக்கு வாரிசாக வளர்த்த மகன், 1120-ம் ஆண்டிலேயே கப்பல் கவிழ்ந்து கடலில் மூழ்கினான். அண்ணன் இறந்த மறு ஆண்டே ஹென்றியும் இறந்தான். வாரிசுச் சண்டையில் நாடு பல ஆண்டுகள் பற்றி எரிந்தது.

ராபர்ட் கெட்டவன் அல்ல. தந்தையைக் கொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தில் குதிரை கொடுத்தான். தம்பியை வெல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தில் தண்ணீர் கொடுத்தான். வீட்டுக்குள் அது பெருங்குணம். ஆனால் ஒரு நாட்டை ஆள இரக்கம் மட்டும் போதவில்லை. வில்லியம் தன் மகனை உரிய வயதில் நம்பி, பொறுப்பைக் கொடுத்துப் பழக்கியிருந்தால், அவன் ஆளக் கற்றிருப்பானோ என்னவோ!

குளோஸ்டர் தேவாலயத்தில் இன்றும் ராபர்ட்டின் உருவச் சிலை இருக்கிறது. கருங்காலியும் அல்ல, கல்லும் அல்ல. ஓக் மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய சிலை. அவன் இறந்து நூறு ஆண்டு கழித்துச் செய்தது என்று சொல்கிறார்கள். அதில் அவன் கிழவனாக இல்லை, கைதியாகவும் இல்லை. கவசம் அணிந்த வாலிப வீரனாகப் படுத்திருக்கிறான். கை வாளின் மீது இருக்கிறது.